பெண் குழந்தை, வயது இருபத்தொன்று

இல்ல தாயி, மிஷின் சரியாத்தான் காட்டுது. அதைப் போட்டுத் தட்டாதீங்க. வெள்ளைச்சாமி, குடும்பத் தலைவர். பஞ்சவர்ணம், மனைவி. அதுக்குக் கீழ 'பெண் குழந்தை', வயசு இருபத்தொண்ணு. அப்படித்தான் இருக்கும். நாந்தான் அப்படி எழுதச் சொன்னேன். அப்ப ரேஷன் புஸ்தகம். புஸ்தகம் போயி கார்டு வந்தப்பவும் அதையே பாத்து ஏத்திட்டாங்க.

சிரிப்பு வந்தா சிரிச்சுருங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். போன வருசம் கார்டு சரிபாக்க வந்தவரும் சிரிச்சாரு. இருபது வயசுல என்னய்யா குழந்தை, கைரேகை வைக்க அந்தப் புள்ளைய வரச் சொல்லுன்னாரு. வெளியூர்ல இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன். பொய்தான். உங்ககிட்டயும் அதையேதான் சொல்லியிருப்பேன். நீங்க இந்த வெயில்ல நடந்து வந்து, செருப்பை வாசல்ல கழட்டிப் போட்டுட்டு, 'ஐயா, தண்ணி கெடைக்குமா'ன்னு கேட்டீங்க. பொய் சொல்ல வாய் வரல. உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. பஞ்சவர்ணம் நூறு நாள் வேலைக்குப் போயிருக்கா, கம்மாயில மண்ணு வெட்டுறாங்க. அவ வர்றதுக்குள்ள சொல்லிருவேன். அவ இருந்தா இந்தப் பேச்சையே எடுக்க முடியாது.

செவுத்துல இருக்காரே, அவரைத் தெரியுதா? எங்க தலைவரு. அப்ப அவருதான் முதலமைச்சரு. நான் இந்தப் புலியங்குளத்துக்குக் கிளைச் செயலாளரு. இன்னைக்கும் நாந்தான். முப்பத்தோரு வருசமா என்னை மாத்தல. மாத்துறதுக்கு இந்த ஊர்ல வேற ஆள் இல்லைம்பாங்க, அது பொறாமை.

எங்களுக்குக் கலியாணமாகி பதினோரு வருசம் புள்ளை இல்ல. கோயிலுக்கெல்லாம் அவ போனா. நான் கட்சிக்காரன், எனக்கு அதுல நம்பிக்கை கெடையாது. ஆனா மனசுக்குள்ள ஒண்ணு வச்சுக்கிட்டேன், புள்ளை பொறந்தா தலைவர் கையில குடுத்துத்தான் பேர் வைக்கணும்னு. நான் ஒருத்தன் மட்டும் அப்படின்னு நெனைக்காதீங்க. அப்ப எங்க கட்சிக்காரன் வீட்டுல எல்லாம் அதுதான் வழக்கம். பக்கத்து ஊர்க்காரன் மூணு வருசம் பேர் வைக்காம இருந்தான். தலைவர் வந்தப்ப அந்தப் பய தானே நடந்து மேடைக்குப் போயி, 'எனக்குப் பேரு'ன்னு கையை நீட்டுனான். கூட்டம் பூராவும் கைதட்டுச்சு. தலைவர் வைக்கிற வரைக்கும் வேற பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டா அது ஒட்டிக்கிரும்ல? அதனால பொண்ணுன்னா பாப்பா, ஆணுன்னா தம்பி. அவ்வளவுதான்.

பன்னெண்டாவது வருசம் பொறந்தா. நல்ல செவப்பு. தலை நெறைய முடி. பதினாறாம் நாள் தொட்டில்ல போடணும், பேர் சொல்லணும்னு பஞ்சவர்ணம் வீட்டு ஆளுங்க வந்துட்டாங்க. தொட்டில்ல போடுங்க, பேரு மட்டும் தலைவரு வைப்பாருன்னுட்டேன். அவளும் அப்ப ஒண்ணும் சொல்லல. ரேஷன் புஸ்தகத்துல பேர் சேக்கப் போனேன். என்ன பேருன்னு கேட்டாங்க. இப்போதைக்கு 'பெண் குழந்தை'ன்னு போடுங்க, அடுத்த மாசம் தலைவர் வர்றாரு, வந்து மாத்திக்கிறேன்னு சொன்னேன். அவங்களும் கட்சி ஆளுதான், போட்டுட்டாங்க.

தலைவர் அப்பல்லாம் ரோட்டுலதான் வருவாரு. அவரு வர்றாருன்னா ஒரு வாரத்துக்கு முன்னாடியே தார் போட்டுருவாங்க. வருசத்துக்கு ரெண்டு வாட்டியாவது வருவாரு, அதனால ரோடு கண்ணாடி மாதிரி இருக்கும். முக்குக்கு முக்கு எறங்குவாரு. கெழவி, கொழந்தை, தொழுநோயாளி, யாரா இருந்தாலும் பக்கத்துல போயித் தொடலாம். மனுவை அங்கனயே படிச்சு, பச்சை மையில கையெழுத்துப் போட்டு அதிகாரி கையில குடுத்துருவாரு. ஆவரங்காட்டுல ஒரு ஆஸ்பத்திரி வேணும்னு நாங்க குடுத்தோம். 'எத்தனை கட்டில் வேணும்?'னாரு. பத்துன்னேன். முப்பதுன்னு எழுதுனாரு! சந்தைத் திடல்ல எடம் ஒதுக்கி, சுத்திக் கம்பி வேலி போட்டு, அடிக்கல்லும் நட்டாச்சு. அவரு பேரைப் பொறிச்ச கல்லு. அப்படிப்பட்ட மனுசன்.

புள்ளைக்கு நாப்பத்தஞ்சு நாள். ஆவரங்காட்டுல கூட்டம், பகல் பதினோரு மணி. மேடைக்கு ஓரமா புள்ளை வச்சிருக்கிறவங்க எல்லாம் வரிசையில நிக்கிறோம். பஞ்சவர்ணம் கீழ பொம்பளைங்க பக்கத்துல இருக்கா. எனக்கு முன்னாடி இருந்த ரெண்டு பேருக்கும் பேர் வச்சு முடிச்சாச்சு. அடுத்தது நாந்தான். அப்ப எனக்குப் பின்னாடி நின்னவன் தோளைத் தொட்டான். மஞ்சத் துண்டுல சுத்தி மார்போட அணைச்சிருந்தான். 'அண்ணே, புள்ளைக்கு மேலுக்கு முடியல, காய்ச்சல் அனலாக் கொதிக்குது, என்னை முன்னாடி விடுங்க'ன்னான். கண்ணு கலங்கியிருந்துச்சு. நானும் ஒரு அப்பன்தானே? 'போப்பா'ன்னு ஒதுங்கிட்டேன்.

அவ்வளவுதான் தாயி. நான் செஞ்சது அவ்வளவுதான்.

தலைவர் ரெண்டு கையையும் நீட்டுறாரு, புள்ளைய வாங்க. துண்டுக்குள்ள புள்ளை இல்ல. கறி வெட்டுற கத்தி. நெஞ்சுக்குத்தான் ஓங்குனான், அவரு திரும்புனதுல தோள்ல எறங்குச்சு. எறங்குன கத்தியை இழுத்து மறுபடி ஓங்குனப்ப நாலஞ்சு பேர் பாஞ்சுட்டாங்க. நான் புள்ளையோட அப்படியே நிக்கிறேன். தலைவருக்கும் எனக்கும் ஒரு எட்டுத்தான். கத்தி பாஞ்சும் அவரு நீட்டுன கையை மடக்கல தாயி, அப்படியேதான் நீட்டிக்கிட்டு இருந்தாரு. நான் அந்த நேரத்துல என்ன நெனைச்சேன் தெரியுமா? சொன்னா காறித் துப்புவீங்க. இப்பக் குடுத்துரலாமான்னு நெனைச்சேன்.

அவன் யாரு, எதுக்குச் செஞ்சான்னு எல்லாம் பேப்பர்ல வந்துச்சு. அணையில நெலம் போச்சாம், பணம் வரலையாம், ஆறு வருசமா மனு குடுத்தானாம். குடுத்தா? நானும்தான் குடுத்தேன். எனக்கு ஆஸ்பத்திரியே குடுக்கல?

என்னையும் பிடிச்சாங்க. வழி விட்டது நான்ல? ஒன்பது நாள் ஸ்டேஷன்ல வச்சு ஒரே கேள்வி, 'ஏன்டா வழி விட்டே'ன்னு. புள்ளைக்குக் காய்ச்சல்னான், விட்டேன். அடிச்சாங்களான்னு கேக்காதீங்க. அவங்க நெலமையில யாரா இருந்தாலும் அடிப்பாங்க. தலைவர் பொழைச்சுட்டாருன்னு லாக்கப்புல கேட்டு நான் கும்பிட்டு அழுதேன். என்னை அடிச்ச போலீஸ்காரரே டீ வாங்கிக் குடுத்தாரு.

அதுக்கப்புறம் எல்லாம் மாறிப் போச்சு. மாத்தித்தானே ஆகணும்? யாரும் நாப்பது அடிக்குள்ள வரக் கூடாது. துண்டு, பை, மாலை எதுவும் கையில இருக்கக் கூடாது. கைக்குழந்தையோட வந்தா வாசல்லயே நிறுத்திருவாங்க. மனுவைப் பெட்டியில போடணும், பெட்டியைத் தாசில்தார் ஆபீஸ்ல தொறப்பாங்க. தொறந்தாங்களான்னு எனக்குத் தெரியாது. ஊர்வலம், தர்ணா எதுக்கும் அனுமதி கெடையாதுன்னு சட்டமே போட்டாங்க. எதிர்க்கட்சிக்காரன் கத்துனான். குத்துப்பட்டது எங்க தலைவரு, உனக்கு என்னடா வலிக்குதுன்னு டீக்கடையில நான் சண்டைக்குப் போனேன்.

அப்புறம் ரோட்டுல வர்றதே இல்லன்னு ஆயிருச்சு. ஹெலிகாப்டர்தான். தாலுகாவுக்கு ஒரு எறங்குற எடம் வேணும்னு உத்தரவு வந்துச்சு. ஆவரங்காட்டுல சமதரையா, வேலி போட்டு, சும்மாக் கெடந்தது ஆஸ்பத்திரித் திடல் ஒண்ணுதான். ஒன்றியச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, 'வெள்ளைச்சாமி, ஸ்டேஷன் வரைக்கும் போன ஆளு நீ, உன் மேல இருக்கிற சந்தேகம் போகணும்னா முன்னால நின்னு வேலையைப் பாரு'ன்னாரு. பாத்தேன். அந்த அடிக்கல்லைக் கடப்பாரை போட்டுப் பேத்தது நாந்தான். ஒடையாம, அவரு பேர்ல கீறல் விழாம, பதனமாப் பேத்து வேலியோரம் சாச்சு வச்சேன். சுண்ணாம்புல வட்டம் போட்டு நடுவுல 'எச்'னு அந்த இங்கிலீஷ் எழுத்தை எழுதுனதும் நாந்தான். மேல இருந்து பாத்தாத் தெரியணும்ல, அதனால ஆள் ஒசரத்துக்கு எழுதுனேன். வீட்டுல வந்து பெருமையாச் சொன்னேன். 'ஆஸ்பத்திரிக் கல்லையா பேத்துட்டு வந்தீங்க?'ன்னு கேட்டா பஞ்சவர்ணம். ஆஸ்பத்திரி எங்க போயிரும், வேற எடத்துல கட்டுவாங்க, தலைவர் உசுரு போனா வருமான்னு கேட்டேன். அவ புள்ளையத் தூக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

பேரு? அதைத்தானே சொல்லிக்கிட்டு இருக்கேன்.

ஒரு வருசம் பாத்தேன். ரெண்டு வருசம். பேர் வச்சுருவோம்னு அவ மாசத்துக்கு ஒரு வாட்டி கேப்பா. கொஞ்சம் பொறு, இந்தக் கெடுபிடியெல்லாம் தளர்ந்துரும்னு நான் சொல்லுவேன். நாளைக்கே வேற பேர் வச்சேன்னு வைங்க, ஊர்ல என்ன சொல்லுவான்? வழி விட்டவன்ல, அதான் தலைவர்கிட்டப் போக மூஞ்சி இல்லைம்பான். கட்சி ஆபீசுக்கு ஒன்பது கடுதாசி போட்டேன். 'தங்கள் கடிதம் கிடைத்தது'ன்னு அச்சடிச்சு ஒரு கார்டு வந்துச்சு. அதுவும் பெட்டியில பத்திரமா இருக்கு.

ஹெலிகாப்டர் ரெண்டு வாட்டி வந்துச்சு. புள்ளைய ரெண்டு கையிலயும் தூக்கி வேலிக்கு மேல காட்டிக்கிட்டு நின்னேன். காத்தும் புழுதியும், கண்ணைத் தொறக்க முடியல. அது பயப்படவே இல்ல, சலாம் வச்சுச்சு. தலைவர் எறங்கி இந்தப் பக்கம் பாத்துக் கையை ஆட்டுனாரு. எங்களைப் பாத்துத்தான் ஆட்டுனாரு. அங்க ரெண்டாயிரம் பேர் இருந்தாங்க, ஆனா எங்களைப் பாத்துத்தான்.

பால்வாடியில சேத்தப்ப டீச்சர் பேர் கேட்டாங்க. பாப்பான்னு எழுதிக்கங்கன்னேன். டீச்சர் பஞ்சவர்ணத்தைப் பாத்தாங்க, அவ டீச்சரைப் பாத்தா. பொம்பளைங்க என்னமோ பாத்துக்கிறாங்கன்னு நானும் விட்டுட்டேன். பாப்பா என் துண்டை எடுத்துத் தலையில முக்காடு போட்டுக்கிட்டு, சைக்கிள் பார்ல உக்காந்துக்கும். 'உன் பேரு என்னடா?'ன்னு நான் விளையாட்டாக் கேட்டா, என் மூஞ்சியை ஒரு நிமிசம் பாக்கும். பாத்துட்டு, 'பாப்பா'ங்கும்.

நாலரை வயசுல, ஐப்பசி மாசம், நாலு நாளாக் காய்ச்சல். அஞ்சாம் நாள் காலையில ஒரு வெட்டு வலிப்பு வந்து கண்ணு மேல சொருகிருச்சு. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டா, உங்க ரோட்டுல வண்டி வராது, ஆவரங்காடு மெயின் ரோட்டுக்குக் கொண்டு வாங்கன்னுட்டாங்க. ரோடு அப்படித்தான் கெடந்துச்சு. தலைவர் ரோட்டுல வர்றப்ப தார் போடுவாங்க, ஹெலிகாப்டருக்குத் தார் எதுக்கு? அது யாரு தப்பும் இல்ல. டிராக்டர்ல ஏத்துனோம். ஆறு மைலு. குழியில எறங்கி ஏறுறப்பல்லாம் புள்ளை தலை இப்படி ஆடுது. அவ மடியில வச்சிருக்கா. நான் 'பாப்பா, பாப்பா, அப்பாவைப் பாரு பாப்பா'ன்னு கன்னத்தைத் தட்டுறேன். அசையல.

அப்ப பஞ்சவர்ணம் குனிஞ்சு அது காதுல ஒரு பேரைச் சொன்னா.

புள்ளை கண்ணைத் தொறந்துச்சு தாயி. 'ம்'னுச்சு.

எனக்கு ஒண்ணும் புரியல. மறுபடி சொன்னா, மறுபடியும் 'ம்'னுச்சு. யாரைக் கூப்பிடுறேன்னு கேட்டேன். அவ என்னைப் பாக்கவே இல்ல. டிராக்டர் ஓட்டுறவன் திரும்பாமலே சொன்னான், 'மாமா, அதானே பாப்பா பேரு, தெருவுல எல்லாரும் அப்படித்தானே கூப்பிடுவோம்'னு. பால்வாடி டீச்சர், பக்கத்து வீடு, அது கூட விளையாடுற சிண்டு சிறுசு எல்லாருக்கும் தெரியும். பதினாறாம் நாள் தொட்டில்ல போட்டப்பவே அவ காதுல சொல்லிட்டாளாம். நான் தெருவுல வந்தா எல்லாரும் பாப்பான்னு மாத்திக்குவாங்களாம். அந்தப் புள்ளையும்தான். நாலரை வயசுப் புள்ளை தாயி, அப்பன் மனசு கஷ்டப்படும்னு ஒரு நாள் கூட வாய் தவறிச் சொல்லல. என் மூஞ்சியை ஒரு நிமிசம் பாக்கும்னு சொன்னேன்ல, அது யோசிச்சிருக்கு, எதைச் சொல்றதுன்னு.

ஆவரங்காட்டுல ஆம்புலன்ஸ் வரல, வந்துக்கிட்டு இருக்குன்னாங்க. மழை விட்டு எங்க பாத்தாலும் சகதி. சுத்தமா, தண்ணி தேங்காம இருந்தது அந்த ஹெலிகாப்டர் திடல் ஒண்ணுதான். சிமெண்டு போட்டிருந்தாங்க. அங்க துண்டை விரிச்சுப் படுக்க வச்சோம். நல்ல எடம்தான், காத்து வந்துச்சு. அவ கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. ஒவ்வொரு வாட்டிக்கும் 'ம்'னுச்சு. அப்புறம் சொல்லல. ஆம்புலன்ஸ் முக்கால் மணி நேரம் கழிச்சு வந்துச்சு.

நீங்க ஏன் தாயி அழுவுறீங்க? இந்தாங்க, தண்ணியைக் குடிங்க. என்ன சொல்ல வர்றீங்கன்னு தெரியுது. அந்த எடத்துல ஆஸ்பத்திரி இருந்திருந்தாங்கிறீங்க. என் பொண்டாட்டி அதைச் சொன்னதில்ல. ஊர்ல ஒருத்தர் சொன்னாரு, அவரோட எனக்குப் பேச்சு வார்த்தை கெடையாது. ஒரு முதலமைச்சர் உசுரு. அதுக்குப் பாதுகாப்பு வேணும்ல? வேணுமா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

சரி, விடுங்க.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்கு. அதைத்தான் சொல்லணும். மூணாம் நாள் சாவைப் பதியப் போனோம். அவளும் வந்தா. எழுதுறவரு கேட்டாரு, இறந்தவர் பெயர்னு. அவ என்னைப் பாத்தா. நான் சொல்லுவேன்னு பாத்தா. எனக்குத் தெரியும்ல இப்ப? காதால கேட்டேன்ல? நான் சொன்னேன், 'பேரு வைக்கல'ன்னு.

ஏன் சொன்னேன்னு கேக்காதீங்க. ஸ்டேஷன்ல ஒன்பது நாள் கேட்டதுக்கே பதில் இருந்துச்சு. இதுக்கு இல்ல. தலைவர் இன்னும் வைக்கலையேன்னு வந்திருச்சு வாயில. அவரும் எழுதிட்டாரு, 'பெயரிடப்படாத பெண் குழந்தை'ன்னு. பஞ்சவர்ணத்துக்கு அந்த நிமிசத்துல அழுகை நின்னு போச்சு. அதுக்கப்புறம் அவ என் முன்னாடி அழுததில்ல. சோறு போடுவா. காய்ச்சல்னா கசாயம் வச்சுத் தருவா. பதினேழு வருசமா என்னை 'ஏங்க'ன்னு மட்டும் ஒரு வாட்டி கூட கூப்பிட்டதில்ல. வேணும்னா பக்கத்துல வந்து நிப்பா, நானாத் திரும்பிப் பாக்கணும்.

தலைவரும் போயிட்டாரு. கத்தியில போகல, வயசாகி, மூச்சுத் திணறிப் போனாரு. மெட்ராஸ் போயி விடிய விடிய வரிசையில நின்னு பாத்தேன். அப்பவும் நாப்பது அடி தள்ளிக் கயிறு கட்டியிருந்தாங்க. இப்ப அவரு மகன். போன வாரம் ஒன்றியத்துல இருந்து போன் பண்ணாங்க, அவரு பழையபடி ரோட்டுல வர்றாராம், புள்ளைகளுக்குப் பேர் வைக்கிறாராம், உன் ஊர்ல எத்தனை கைக்குழந்தைன்னு லிஸ்ட் குடுன்னு. ரெண்டு இருக்கு. ரெண்டு வீட்டுலயும் காத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. முப்பத்தோரு வருசத்துல கட்சி கேட்ட லிஸ்டை நான் குடுக்காம இருந்தது இதுதான் மொதத் தடவை.

சரி, நீங்க வந்த வேலையைப் பாருங்க. கார்டுல இருந்து நீக்கிருங்க. சான்றிதழ் இந்தா இருக்கு, மடிப்புல கிழிஞ்சிருக்கு, பாத்துப் பிரிங்க. ஆனா எனக்கு ஒரு ஒத்தாசை செய்யணும். அப்படியே நீக்காதீங்க. முதல்ல பேரை ஏத்துங்க. ஏத்திட்டு அப்புறம் நீக்குங்க. ஒரு நிமிசம் இருந்தாப் போதும் அந்தப் பேரு. சர்க்கார் மிஷின்ல இருந்துச்சுன்னு ஒரு தாள்ல வந்தாப் போதும். அதை அவகிட்டக் காட்டணும்.

ஆதாரமா? பேருக்கு ஆதாரம் கேக்குதா மிஷினு?

கூப்பிட்டா, 'ம்'னுச்சு தாயி. நான் கூப்பிட்டப்ப இல்ல, அந்தப் பேரைச் சொன்னப்ப. கண்ணைத் தொறந்து பாத்துச்சு. அதுக்கு மேல என்ன ஆதாரம் இருக்கு என்கிட்ட?

எழுதுங்க. நானும் இதுவரைக்கும் வாயால சொன்னதில்ல.

செண்பகம்.